இரும்புக்கையும் ஊரடங்கும்

மார்ச் 5, 2018

திகனப் பக்கம் முஸ்லிம்களின் கடைகள் எரிகின்றன. கண்டி மாவட்டம் முழுக்க ஊரடங்கு. கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் பாண் முடிந்துவிட்டது.

மார்ச் 6

நாடெங்கும் அவசரகாலச் சட்டம். பள்ளிக்கூடமும் இல்லை. அலுமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினேன். உள்ளே அட்டை கழன்ற முத்து காமிக்ஸ்கள். 77க்குப் பிறகு இறக்குமதி இளகியதும் கண்டிக்கு வந்து, வகுப்பு முழுக்கக் கைமாறி என்னிடம் தங்கியவை. மேலே கிடந்தது இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் பிறந்தபோது முதல் இதழின் நாயகரே இவர்தான்.

மாயாவியின் கதைப்பெயர் லூயிஸ் கிராண்டேல், ஆய்வுகூட உதவியாளர். வலக்கை போய் இரும்புக்கை வைத்துக்கொண்டவர். உயர் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பிளக் ஓட்டையை ஆசையோடு பார்த்த தலைமுறை எங்களுடையது. ஸ்பெயின்காரர் ஜேசுஸ் பிளாஸ்கோ வரைந்த நிழல்களுக்கு இன்றும் கும்பிடு போடலாம். சின்னப் பெட்டிக்குள் ஒரு தெரு, ஈரம், தூரத்தில் ஒரு விளக்கு. ஆனால் நான் புரட்டிய இதழில் பெயருக்குக்கூட ஒரு பெண் இல்லை. வசனமோ, கண்ணுக்கு முன்னால் நடப்பதையே வாயாலும் சொல்லித் தொலைக்கிறது.

இன்னொன்று. முதல் கதையில், மறையத் தெரிந்ததும் மனிதர் இறங்குவது களவில். நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்வது, உலகத்தைக் காப்பது எல்லாம் பிற்பாடு. யாரும் விளக்கம் கேட்கவில்லை. கெட்டிக்காரர் என்று நாங்களே மன்னித்துவிட்டோம்.

மார்ச் 7

ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கம். அதற்குச் சற்று முன் வந்த வீடியோவில் ஒரு கடை ஷட்டரைக் கம்பி இடிக்கிறது. முழங்கை வரைதான் தெரிகிறது, ஆள் இல்லை. இன்றைக்குப் புத்தகம் வேண்டாம்.

மார்ச் 10

பகலில் வெளியே போக முடிகிறது. பக்கத்து வீட்டு நானா தன் சின்னவனோடு வந்தார். செருப்புக்கடையைப் பூட்டி ஆறாம் நாள். பொடியன் வந்ததுமே மாயாவியை எடுத்துக்கொண்டு மூலையில் குந்திவிட்டான்.

"சேர், கரண்ட் போனா இவர் என்ன செய்வார்?"

நாற்பது வருடமாக எனக்குத் தோன்றாத கேள்வி.

"அவரை எங்கட கடை வாசல்ல கொண்டு போய் நிப்பாட்டுங்களேன் சேர்," என்றார் நானா. சிரித்தோம். பிளேன்டீயை அவர் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 15

ஃபேஸ்புக் திரும்பிவிட்டது. எல்லாரும் நல்லவர்களாகவே எழுதுகிறார்கள்.

மார்ச் 18

அவசரகாலச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். சின்னவன் புத்தகத்தைத் திருப்பித் தந்தான். ஸ்பைடர்மேன்தான் நல்லமாம். "இவர் முதல்ல கள்ளன்தானே சேர்?"

பிறகு திருந்திவிட்டார் என்றேன். "யாரு பிடிச்சது?" என்றான். யாரும் பிடித்ததாக நினைவில்லை.

நானா கடையை இன்னும் திறக்கவில்லை. சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருக்கிறாராம். அப்படிச் சொல்லச் சொல்லி அனுப்பினாரோ என்னவோ.