மாமாவும் 8.9 சதவீதமும்

இந்தியாவுல 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய். 2023 ஜூன்ல வெளிவந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வோட கணக்கு இது. 2008லிருந்து 2020 வரைக்கும் 1,13,043 பேரைப் பார்த்திருக்காங்க. வீடு வீடாப் போய், வெறும் வயித்துல விரல்ல குத்தி, குளுக்கோஸ் தண்ணி குடுத்து, ரெண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடியும் குத்தி... (கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்கிட்டே டேட்டா கேக்குற நமக்கெல்லாம் இது புரியாது!)

நகரத்துல 16.4%, கிராமத்துல 8.9%. இதை வாழவந்தியில இருக்கிற மாமாகிட்ட சொன்னது வம்பாப் போச்சு.

"பாத்தியா மாப்ள, டவுன்காரன் வியாதி. காப்பித் தோட்டத்துல ஏறி எறங்குறவனுக்கு எங்க வரும்?"

8.9%ன்னா பதினோரு பேருக்கு ஒருத்தர். அதுவுமில்லாம, தோட்டத்துக்கே இப்ப வண்டியிலதான் போறார் மனுஷன். கால் புண்ணு ஒரு மாசமா ஆறல. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் பாக்குறாங்க. அவங்க வர்ற நாள்னா மாமா காலையிலயே எஸ்கேப்.

சனிக்கிழமை ஊருக்குப் போறேன். ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போகணும். வண்டிச் சாவிய ஒளிச்சு வைக்க அத்தை ஒத்துக்கிட்டாங்க.