இடது பக்கம் ஓட்டு, இழுத்த டீயைக் குடி!

மலேசியாவில் வேலை என்றால் ஊரில் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். "சம்பளம் எவ்வளவு?" என்பது ஒன்று. "சாப்பாட்டுக்கு என்ன பண்றே?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உலகத்தில் எவனும் உண்மை சொன்னதில்லை (நானும் சொல்லப்போவதில்லை). இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

நான் பி.காம். கோலாலம்பூரை ஒட்டிய பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறேன். மூன்று வருஷமாகிறது. இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டே இடத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். ஒன்று, ஸ்டீயரிங்குக்குப் பின்னால். இன்னொன்று, தட்டுக்கு முன்னால்.

முதலில் ரோடு.

நம்மூர் மாதிரியே இடது பக்கம் ஓட்டும் தேசம். 'அப்பாடா' என்று உட்கார்ந்து சாவியைத் திருகினால் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும். அரை மணி கழித்துத்தான் தெரியும், ஹாரன்! நம்மூரில் ஹாரன் என்பது ஒரு பாஷை. 'வர்றேன்', 'ஓரம் போ', 'சௌக்கியமா', 'வீட்ல சொல்லிட்டு வந்தியா' எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம்தான். கேட்பவருக்கு அர்த்தம் புரிந்துவிடும். இங்கே ஹாரன் அடித்தால் வசவு. சென்னை மவுண்ட் ரோடில் பல வருஷம் ஓட்டியவனுக்கு முதல் மாதம் வாயைத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது.

சத்தம் இல்லையே, எல்லோரும் பரம சாது என்று நினைத்துவிடாதீர்கள். இண்டிகேட்டர் போட்டால் வழி விடுவார்கள் என்பது ஓர் ஐதீகம். சில புண்ணியவான்கள் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்ததும்தான் ஆக்ஸிலரேட்டரை மிதித்து இருக்கிற சந்தையும் அடைப்பார்கள். மைவி என்று ஒரு குட்டிக் கார். பெரோடுவா என்ற உள்நாட்டுக் கம்பெனி 2005-ல் விட்டது. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர்தான் சட்டம் அனுமதிக்கும் வேகம். அதை மதித்து நாம் போய்க்கொண்டிருக்க, பெரிய ஜெர்மன் காரையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு ஒரு மைவி பறக்கும். நம்மூரில் மாமியார் ஜோக் எத்தனை உண்டோ, இங்கே மைவி ஜோக் அத்தனை உண்டு.

மலாய் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். சாலை போர்டுகளே வாத்தியார்கள். 'அவாஸ்' என்றால் ஜாக்கிரதை. 'பெர்ஹென்தி' என்றால் நில். 'சூசூர் கெலுவார்' என்றால் வெளியேறும் வழி. அதை விட்டுவிட்டால் அடுத்த சூசூர் கெலுவார் வரை இலவச சுற்றுலா! அப்புறம், நம்ம வார்த்தைகளே அங்கங்கே தலைகாட்டும். கடைக்கு 'கெடாய்'. பெட்டிக்கு 'பெத்தி'. கப்பலுக்கு 'காப்பால்'. வியாபாரத்தில் போடும் முதலுக்கு 'மோடல்'. கப்பலேறி வியாபாரம் பண்ண வந்த நம் பாட்டன்மார்கள் விட்டுப்போன சொத்து. ஐந்தொகை படித்தவனுக்கு இதைவிட வரவேற்பு வேண்டுமா?

'சமன்' என்று இன்னொரு சொல் உண்டு. 'சமம்' என்று சந்தோஷப்படாதீர்கள். இங்கிலீஷிலிருந்து வந்த 'சம்மன்'தான். வேகமாகப் போனால் கேமரா படம் பிடித்து அனுப்பும் அபராதச் சீட்டு. இதில் வேடிக்கை என்னவென்றால், அவ்வப்போது 'இந்தத் தேதிக்குள் கட்டினால் பாதிதான்' என்று அரசாங்கமே தள்ளுபடி அறிவித்திருக்கிறது. தி.நகரில் ஆடித் தள்ளுபடிக்குப் புடவை வாங்க முண்டியடிப்பார்கள். இங்கே அபராதம் கட்ட!

மழையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். சாயங்காலம் ஆபீஸ் விடுகிற நேரமாகப் பார்த்துத்தான் கொட்டும். அதற்கு இந்த ஊர் இன்ஜினீயர்கள் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். 2007-ல் திறந்த 'ஸ்மார்ட்' என்ற சுரங்கம். மொத்தம் 9.7 கிலோமீட்டர். அதில் சுமார் 4 கிலோமீட்டர் தூரம் காரும் போகலாம். சாதாரண நாளில் மேலே கார். நல்ல மழை என்றால் அடியில் தண்ணீர், மேலே கார். பேய்மழை என்றால் கார்களையெல்லாம் வெளியேற்றி, கதவைச் சாத்தி, மொத்த சுரங்கத்தையும் வெள்ளத்துக்கு விட்டுவிடுவார்கள். காலையில் நீங்கள் ஆபீஸ் போன ரோட்டில் சாயங்காலம் ஆறு ஓடும்.

காருக்குள் இருப்பவனுக்கு மழை ஒரு வேடிக்கை. மோட்டார் சைக்கிள்காரனுக்கு அப்படியில்லை. மேம்பாலத்துக்கு அடியில் நூறு வண்டிகள் ஒண்டி நிற்பதைப் பார்க்கலாம். ஃபெடரல் நெடுஞ்சாலை ஓரமாக மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை 1970-களிலேயே போட்ட தேசம் இது. அப்படியும் 2023-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 6,000-க்கு மேல். அதில் பாதிக்கும் அதிகம் பேர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ரோட்டில் எல்லோரும் ஒரே மழையில்தான் போகிறோம். ஆனால் எல்லோரும் நனைவதில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு வந்த பிறகு தேவைப்படும்.

இனி தட்டு.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் வாழை இலைச் சாப்பாடு. பொரித்த பாகற்காய், அப்பளம், கேட்கக் கேட்கச் சோறு. பக்கத்து மேஜையில் ஒரு சீனக் குடும்பம் கையால் பிசைந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். நம்ம பையன்கள்தான் ஸ்பூன் கேட்பார்கள்.

ஆனால் இந்த நாட்டின் நிஜமான சாப்பாட்டுக்கூடம் மாமாக் கடை. மாமாக் என்பது நம் 'மாமா'தான். தமிழ் முஸ்லிம்கள் ஆரம்பித்த கடைகள். பல கடைகளுக்குக் கதவே கிடையாது. இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருந்தால் கதவு எதற்கு? பினாங்கில் சோற்றையும் குழம்பையும் காவடி மாதிரி தோளில் தூக்கி விற்றதுதான் 'நாசி கண்டார்'. நாசி என்றால் சோறு (மூக்கு இல்லை). கண்டார் என்றால் அந்தத் தோள் கட்டை. ராத்திரி இரண்டு மணிக்கு டி.வி.யில் இங்கிலாந்துக் கால்பந்து ஓட, ஒரே கூரைக்கு அடியில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரும் 'கோல்' என்று ஒரே பாஷையில் கத்துவார்கள்.

டீ கேட்பதற்கு இங்கே ஒரு இலக்கணம் இருக்கிறது. வெறுமே 'தே' என்றால் கன்டென்ஸ்டு பால் போட்ட டீ. 'தே ஓ' என்றால் பால் இல்லாமல், சர்க்கரை உண்டு. 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கேட்பது. 'கூராங் மானிஸ்' என்றால் இனிப்பு கம்மி. 'தே தாரிக்' என்றால் இழுத்த டீ. நம்மூரில் நாயர் ஒரு மீட்டர் ஆற்றுவாரே, அதேதான். கையில் வாங்கிப் போக 'புங்குஸ்'. இவ்வளவுதான். பிழைத்துக்கொள்ளலாம். நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் அடங்கிய மலேசியக் காலைச் சாப்பாட்டுப் பழக்கத்தை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் கலாசாரப் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது. நாம் சும்மா சாப்பிட்டுக்கொண்டிருந்ததற்கெல்லாம் சர்வதேச மரியாதை!

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. பெருக்கல் வியாதி. ஒரு ரிங்கிட் சுமார் இருபது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீ இரண்டு ரிங்கிட் என்றதும் 'நாப்பது ரூபாயா!' என்று தொண்டையில் நிற்கும். பார்க்கிங் ஐந்து ரிங்கிட் என்றால் நெஞ்சிலேயே நிற்கும். ஆறு மாதத்தில் பெருக்குவது தானாக நின்றுவிடும். சம்பளமும் ரிங்கிட், செலவும் ரிங்கிட் என்று மனசு ஒத்துக்கொண்டுவிடும். என்றைக்குப் பெருக்குவதை நிறுத்துகிறானோ அன்றைக்குத்தான் ஒருத்தன் அந்த ஊர்க்காரன் ஆகிறான் என்பது என் சித்தாந்தம்.

அந்தச் சித்தாந்தத்தை உடைத்தவர் எனக்கு டீ இழுக்கும் தம்பி.

ராமநாதபுரம் பக்கம். நான் காரை ஓரங்கட்டும்போதே உள்ளே குரல் கொடுத்துவிடுவார். "அண்ணனுக்கு தே தாரிக், கூராங் மானிஸ்!" இந்த ஊரில் நான் வாயைத் திறக்காமலே என்ன வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆத்மா (என் சகதர்மிணி மன்னிக்க). ஒரு நாள் கூட்டமில்லாத நேரத்தில் பெருக்கல் வியாதி பற்றி நான் ஜோக்கடித்தபோது, சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நாங்க இன்னும் பெருக்கிக்கிட்டுத்தாண்ணே இருக்கோம். பெருக்குனாத்தானே ஊர்ல வீட்டுக்குத் தளம் போட முடியும்?"

எனக்கு அப்புறம் டீ இறங்கக் கொஞ்ச நேரமானது.

யோசித்துப் பாருங்கள். இரண்டு பேரும் சென்னையிலிருந்துதான் விமானம் ஏறினோம். இரண்டு பேரும் 'ஃபாரின் வேலை'. எனக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ்; மனைவியைக் கூட்டி வரலாம், வாடகைக்கு வீடு பிடிக்கலாம், தவணையில் கார் வாங்கலாம். அவருக்குத் தற்காலிக வேலை பெர்மிட். குடும்பத்தைக் கூட்டி வர அனுமதி இல்லை. தங்குவது கடைக்கு மேல் மாடியில், எட்டுப் பேரோடு. நான் ரிங்கிட்டில் வாழ்கிறேன். அவர் ரிங்கிட்டில் உழைத்து ரூபாயில் வாழ்கிறார், அதுவும் போனில்.

"நாலு வருஷத்துல எங்கெல்லாம் சுத்திப் பாத்தீங்க தம்பி?"

"ஏர்போர்ட் பாத்தேண்ணே. அப்புறம் இந்தக் கடை. லீவு கெடைச்சா தூங்கிருவேன்."

"ரெட்டைக் கோபுரம்?"

"தூரக்க பாத்திருக்கேன். மொட்ட மாடியில துணி காயப்போடையில தெரியும்."

452 மீட்டர் உயரம், 88 மாடி. உலகமே விமானம் பிடித்து வந்து பார்க்கிற கட்டடம். அவருக்கு அது துணி காயப்போடும் கம்பிக்குப் பின்னால் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷிப்ட் முடிந்து ராத்திரி பதினோரு மணிக்குத் தம்பியைக் காரில் ஏற்றிக்கொண்டேன். சலவை செய்த சட்டை, பவுடர், வகிடெடுத்த தலை. சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபெடரல் நெடுஞ்சாலையில் அந்த நேரத்துக்கு வண்டி வழுக்கிக்கொண்டு போகும். வழியெல்லாம் போர்டுகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார். திடீரென்று, "ஏண்ணே, இங்க யாருமே ஆரன் அடிக்க மாட்டாங்களா?" என்றார்.

நாலு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறவர்!

கோபுரத்துக்கு எதிரே இறங்கியதும் போனை எடுத்தார். ஊரில் அப்போது மணி எட்டரை தாண்டியிருந்தது. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். வீடியோவில் மனைவியும், மடியில் ஒரு பெண் குழந்தையும். கோபுரத்தை அடியிலிருந்து நுனி வரை காட்டினார். பிறகு திரும்பி நின்று, தன் முகத்தோடு சேர்த்துக் காட்டினார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ தெரியவில்லை. "ஆமாத்தா, அப்பா கடைக்குப் பக்கத்துலதான்" என்றார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

திரும்பும் வழியில், "பெட்ரோல் எவ்வளவுண்ணே ஆச்சு?" என்று சட்டைப் பையில் கை வைத்தார். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து இங்கே குடிமக்களுக்கு லிட்டர் 1 ரிங்கிட் 99 சென். வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்த மானியம் கிடையாது, கூடுதல் விலைதான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரும் நானும் ஒரே ஜாதி. கையை எடுங்க தம்பி என்றேன்.

கணக்கெழுதுகிறவன் என்பதால் இதையும் கணக்காகவே சொல்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு வருகிற இளைஞர்களே, வந்ததும் கார் வாங்குங்கள். பஸ்ஸை நம்பி எல்லா இடத்துக்கும் போக முடியாது. பக்கத்தில் நல்ல மாமாக் கடை ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். டீ இழுப்பவர் எந்த ஊர் என்று கேளுங்கள். அதற்கு ஒரு சென் செலவில்லை. உங்கள் காரில் ஐந்து பேர் உட்காரலாம். தினமும் போவது நீங்கள் ஒருத்தர். மீதி நாலு சீட்டுக்கும் சேர்த்துத்தான் தவணை கட்டுகிறீர்கள்.

நேற்று கடையில் உட்கார்ந்ததும் தே தாரிக்கை வைத்துவிட்டுத் தம்பி கொஞ்சம் தயங்கி நின்றார்.

"அண்ணே... ரொட்டி மாஸ்டரும் ஒருக்கா வரணுங்கிறாரு. ஆறு வருஷமாச்சாம்."

வரட்டும். வரும் ஞாயிறு பதினோரு மணிக்கு!