தோளுக்கேற்ற கட்டை

நம் மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, "துப்பாக்கிக்குக் கட்டை வாங்கிய கதையை எழுதட்டுமா?" என்றேன். நண்பர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இயற்பியல் முதுகலை படிப்பவனுக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். உறவு உண்டு, தோழர்களே. நான் இன்று இந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பதே அந்தத் துப்பாக்கியின் தயவால்தான்.

என் தந்தையார் வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து படைக்குப் போனவர். ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பாமல் பிழைப்பை நாடிச் சிஞ்ச்வட்டில் தங்கிவிட்டார். வங்கிகளுக்குப் பணம் கொண்டுசெல்லும் வண்டியில் காவலர் வேலை. அங்கே ஆள் மட்டும் போதாது. ஆளிடம் உரிமம் பெற்ற சொந்தத் துப்பாக்கியும் இருக்க வேண்டும். அப்பாவிடம் இருப்பது 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி. குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்தால் வெடித்த தோட்டாக்கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். 11 ஆண்டுகளாக எங்கள் வீட்டு அரிசியும் பருப்பும், என் தேர்வுக் கட்டணமும், தங்கையின் கல்லூரிச் செலவும் அதன் வழியாகவே வந்தன.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், மழை தோண்டிய பள்ளத்தில் வண்டி இறங்கிக் குதித்தது. துப்பாக்கி சரிந்து இரும்புத் தரையில் விழுந்தது. பின்கட்டையில் கை பற்றும் மெல்லிய கழுத்துப் பகுதியில் நீளமாக ஒரு விரிசல். அன்று மாலை மேற்பார்வையாளர் பார்த்தார். "15 நாளில் சரிசெய்து கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. ஆயினும் அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாக உண்ணவில்லை.

"பக்கத்துத் தெருத் தச்சரிடம் சொல்லிப் புளியங்கட்டையில் செய்துகொண்டால் என்ன? ஊரில் கறிக்கடைக் கட்டை தலைமுறைக்கும் உழைக்கிறதே!" என்றாள் அம்மா. இந்த ஊரின் பெயரே மராத்தியில் புளியையும் ஆலையும் சேர்த்துச் சொல்வது; அவள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். தச்சர் எத்தனை கைதேர்ந்தவராயினும் அதைத் தொடக் கூடாது. ஆகவே புணே நகரில் உரிமம் பெற்ற கடைக்குத்தான் போக வேண்டும்.

போவதற்கு முன் நான் என் படிப்பைக் காட்ட முனைந்தேன். 32 கிராம் ஈயக் குண்டுகள் விநாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், தக்கையையும் புகையையும் சேர்த்து, 3.2 கிலோ துப்பாக்கி ஏறக்குறைய விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தோளை உதைக்கும். ஆற்றல் 40 ஜூலுக்குச் சற்றே குறைவு. ஒரு கிலோ எடைக்கல்லை 4 மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம். கட்டையின் எடையில் 300 கிராம் குறைந்தால் உதையின் ஆற்றல் பத்தில் ஒரு பங்கு கூடும். ஆகவே கனமான மரக்கட்டையே வேண்டும், அதன் பின்முனையில் உதையை மெதுவாக்க ரப்பர்த் திண்டும் வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "வெடிக்கிறதைக் கணக்குப் போட்டே. நிக்கிறதைக் கணக்குப் போட்டியா?" என்றார். 11 ஆண்டுகளில் அவர் பணியின்போது ஒரு முறையும் சுட்டதில்லை. நாளுக்குப் பத்து மணி நேரம் தோளில் தொங்கவிட்டு நிற்பதும், வண்டியில் ஏறுவதும் இறங்குவதும்தான் வேலை. என் கணக்கு முழுதும் நடக்காத ஒன்றைப் பற்றியது! வெட்கத்தோடு நோட்டை மூடினேன். அப்படியானால் எடை குறைந்த நைலான் கட்டையே நல்லது என்று, வழியில் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

துப்பாக்கியை உறையிலிட்டு, உரிமத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா நடந்தார். சாபேகர் சகோதரர்களின் சிலைகளைக் கடந்தோம். பிளேக் அதிகாரி ராண்டைத் தாமோதர் சாபேகர் சுட்டது 1897 ஜூன் 22ஆம் நாள். அன்றைய விழா நடந்த கணேஷ்கிண்ட் மாளிகைதான் இன்று நம் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம். பிரௌனிங் வடிவமைத்த பெயர்பெற்ற வின்செஸ்டர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிக்கும் அந்த 1897தான் பெயர். இதை நான் பெரிய கண்டுபிடிப்பைப் போலச் சொன்னேன். "ம்" என்றார் அப்பா.

கடைக்காரர் வயதானவர், மூக்குக்கண்ணாடி நுனிமூக்கில் நின்றது. விரிசலைப் பார்த்ததும் பின்முனைத் தகட்டைக் கழற்றி உள்ளே ஒரு நீண்ட திருகாணியைக் காட்டினார். கட்டையை இரும்புடன் இறுக்கிப் பிடிப்பது அதுதான். அது தளர்ந்திருந்தது. தளர்ந்த கட்டை ஒவ்வோர் அதிர்ச்சிக்கும் இரும்பில் மோதிக்கொண்டே இருக்கும். கீழே விழுந்தது கடைசி அடி மட்டுமே என்றார்.

மூன்று வகை எடுத்துப் போட்டார். தேக்கு பளபளத்தது, ஆனால் அதிர்ச்சி தாங்குவதில் அது வால்நட்டுக்கு ஈடாகாது என்று அவரே ஒதுக்கினார். கறுப்பு நைலான் மழைக்கு அஞ்சாது, ஊதாது, பிளக்காது. வால்நட்டில் இரண்டு இருந்தன. ஒன்றில் நீர்ச்சுழி போன்ற கோலம் கழுத்துவரை ஓடியது. அப்பாவின் கண் அதிலேயே நின்றது. "அழகு பின்னால் இருக்கலாம். கழுத்தில் நார் நேராக ஓட வேண்டும். சுழி இருக்கும் இடத்தில்தான் ஒடியும்" என்று கடைக்காரர் மற்றதைத் தள்ளினார். அது வெறும் பழுப்பு.

நான் நைலானைத் தூக்கிப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். கடைக்காரர், "ஹவல்தார் சாஹேப், கண்ணை மூடித் தோளில் வையுங்கள். பிறகு திறந்து பாருங்கள்" என்று, அளவு பார்ப்பதற்கென வைத்திருந்த வெற்றுத் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்தார். கட்டை பொருந்தினால், கண் திறந்ததும் குழல் நுனியின் குறிமணி நேரே தெரிய வேண்டும். அப்பா தூக்கினார். கட்டையின் முனை அக்குளில் தடுக்கியது. மறுபடியும் தூக்கினார். மறுபடியும் தடுக்கியது. "சட்டை தடுக்குது" என்று சிரித்தார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. அருகே வந்து அப்பாவின் வலது முழங்கைக்கு அடியில் கை வைத்து மெல்ல உயர்த்தினார். கை பாதியிலேயே நின்றுவிட்டது. அப்பாவின் உதடு இறுகியது. "எத்தனை மாதமாய்?" என்று இந்தியில் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். "ஏழெட்டு மாதம் இருக்கும்" என்றார்.

ஏழெட்டு மாதம்! ஒரே அறையில்தான் நாங்கள் உறங்குகிறோம். 4 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லை நான் கண்டேன். இரண்டடி தூரத்தில் உயராத கையைக் காணவில்லை.

அதன்பின் பேச்சு நீளத்தைப் பற்றியதாயிற்று. விசையிலிருந்து பின்முனைவரை பழைய கட்டை 14¼ அங்குலம். அப்பாவின் தோளுக்கு இப்போது 13½ போதும். குழலைக் குறைக்கத்தான் தனி உரிமம் வேண்டும், கட்டையைக் குறைக்கலாம். ஆனால் நைலான் கட்டை உள்ளே வெறுங்கூடு, இங்கே அறுக்க இயலாது. மரத்தையோ வேண்டிய அளவுக்கு அறுத்து, ரப்பர்த் திண்டையும் சேர்த்து அளவாக்கலாம். "300 கிராம் கூடுமே அப்பா" என்றேன். "அதை வார் சுமக்கும்" என்றார். கோலமில்லாத வால்நட்டே முடிவாயிற்று. விலை அவருடைய அரை மாதச் சம்பளத்தைத் தாண்டியது. பேரம் பேசாமல் கொடுத்தார்.

துப்பாக்கியைக் கடையில் விட்டுவிட்டுச் சிவாஜிநகரில் லோக்கல் ரயில் ஏறினோம். உறையில்லாத வெறுங்கையோடு அப்பாவைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. கிர்கி தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு, "கம்பெனிக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவாங்க. உன் படிப்பு முடிய இன்னும் ஒரு வருசம் இருக்கு. அம்மாகிட்டே சொல்லாதே" என்றார். மருத்துவரிடம் காட்டினால்தான் சொல்லாமலிருப்பேன் என்றேன். வெகு நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்திருந்துவிட்டுத் தலையசைத்தார்.

12ஆம் நாள் துப்பாக்கி வந்தது. வேலை நின்றுபோகவில்லை. இப்போது வாரந்தோறும் மருத்துவமனைக்குப் பயிற்சிக்குப் போகிறார். வீட்டில் அதற்குப் பெயர் "ரேஷன் கடை". ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டாக்களைத் தனியே பூட்டி வைத்துவிட்டு, திருகாணியின் இறுக்கத்தைப் பார்த்து, ஆளிவிதை எண்ணெய் தொட்டு மரத்தில் தேய்க்கிறார். மழை ஈரம் ஏறாமலிருக்க அது வேண்டும்.

சென்ற வாரம் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் இடது கையால் தேய்க்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

"மரத்தின் நார் அந்தப் பக்கமாக ஓடுகிறது அம்மா" என்றேன் நான்.