பக்கத்து அறை சேர்வர்

மருதமுனையில் கைத்தறி நெய்த மூத்தவர்களின் குரல்களை ஒரு வருடமாகப் பதிந்து வருகிறோம். ஒருவர் மௌத்தாகிவிட்டார், அவருடைய குரல் வேறெங்கும் இல்லை. எல்லாம் பக்கத்து அறையிலுள்ள பழைய கணினியில். அதுதான் எங்கட சேர்வர். ஆய்வை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்க, எழுதுகிற கணினிக்கு மட்டும் சேர்வர் தெரியவில்லை.

"ஐடி படிக்கிற பொடியனக் கூப்பிடுவமா மச்சான்?" கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு முதலில் வாயில் வருவது இதுதான். கூப்பிடவில்லை.

கணினியின் ஐபி முகவரியைப் பார்த்தோம். 169.254 என்று தொடங்கியது, மற்றதுகளுக்கெல்லாம் 192.168.1. ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் வராவிட்டால் விண்டோஸ் தானே 169.254 வரிசையில் ஒன்றை வைத்துக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு சேர்வரிடம் போகேலாது. 127.0.0.1க்குப் பிங் அடித்தால் பதில் வந்தது. அது கணினி தன்னோடு தானே கதைப்பது, அவ்வளவுதான். அப்ப கோளாறு இடைவழியில். கேபிளைக் கழற்றிப் பார்த்தால் முனையில் பச்சைக் களிம்பு. கடல் காத்து! வேறு கேபிள் போட்டதும் 192.168.1 வந்தது, குரல்களும் வந்தன.

கேபிள் சின்ன விசயம். 2004 டிசம்பர் 26இல் இந்தக் கரையில் வீடுகளோடு உறுதிகளும் கொப்பிகளும் போட்டோக்களும் கடலோடு போயின. ஒரே அறையில், ஒரே பெட்டியில் இருப்பதை நம்பி இங்கே யாரும் நிம்மதியாக உறங்கேலாது. அன்றிரவே பிரதி எடுத்தோம். ஒன்று இப்போது கடலுக்குத் தள்ளி, சம்மாந்துறையில் இருக்கிறது. உங்கட போனிலும் ஒரு மூத்தும்மாவின் குரல் கிடந்தால், இன்றைக்கே இன்னோரிடத்தில் போட்டு வையுங்கள்.