ஒரு வீட்டுப் பெண் தந்த மலர்

சிங்கப்பூர் போகிறவர்கள் செராங்கூன் ரோட்டில் நகையும் புடவையும் பார்க்காமல் திரும்புவதில்லை. அதோடு ஒரு காலை வேளையை ஒதுக்கி, அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்கும் போய் வாருங்கள், சகோதரிகளே! 1859-ல் ஏற்பட்ட இந்தப் பூங்காவை 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. காலாற நடக்கக் காசு வேண்டாம். உள்ளே இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. குழந்தைகளுக்குத் தண்ணீரும், திடீர் மழைக்கு ஒரு குடையும் கையோடு இருக்கட்டும்.

தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் பார்த்தேன். உள்ளங்கையை மறைக்கும் அளவுக்குப் பெரிய காட்லியா பூக்கள், சரம் சரமாகத் தொங்கும் டென்ட்ரோபியம், பட்டாம்பூச்சி உட்கார்ந்தது போன்ற பெலனாப்சிஸ் என்று கண்ணுக்கு விருந்துதான். ஆனால் என் மனதில் நின்றது 'வாண்டா மிஸ் ஜோக்கிம்'. 1981-ல் சிங்கப்பூரின் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பூ. ரோஜாவும் ஊதாவும் கலந்த நிறம், அகன்ற கீழ் இதழ், நடுவில் ஆரஞ்சுச் சாயல். இலையோ பென்சில் போல உருண்டை! ஒரு காம்பில் பன்னிரண்டு மொட்டு வரை வந்தாலும் ஒரே சமயத்தில் நான்கைந்துதான் விரியும். வருஷம் பூராவும் பூக்கும்.

இதை உண்டாக்கியவர் விஞ்ஞானி இல்லை. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியக் குடும்பத்துப் பெண். அப்பா இறந்த பிறகு, தம்பி தங்கைகளை ஆளாக்குவதில் அம்மாவுக்குக் கைகொடுத்த மூத்த மகள். தஞ்சோங் பகாரில் வீட்டுத் தோட்டத்தில் இரண்டு வகை ஆர்க்கிட்களை இணைத்து இந்தப் புது வகையை உண்டாக்கினார். பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி அதை 1893-ல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் எழுதி, ஆக்னஸ்தான் இணைத்தார் என்றும் குறிப்பிட்டார். 1899-ல் மலர்க் கண்காட்சியில் பரிசு கிடைத்தது. அதே வருஷம், 45 வயதில் ஆக்னஸ் காலமானார்.

பிற்காலத்தில், "அது தானாக உண்டான செடி. அந்தம்மா பார்த்து எடுத்தார், அவ்வளவுதான்" என்று சிலர் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். தன் உணவைத் தானே கொண்டு வராது. ஒருவகைப் பூஞ்சை துணை இருந்தால்தான் இயற்கையில் முளைக்கும். ஆய்வுக்கூட வசதி இல்லாத காலத்தில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு இது எப்படி முடியும் என்பது அவர்கள் சந்தேகம். ஆனால் தாய்ச் செடியின் வேரடியில் விதையைத் தூவி வளர்ப்பது அக்காலத்துத் தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த முறைதான். கடைசியில் 2016-ல் சிங்கப்பூர் அரசு அமைப்புகள் ஆக்னஸே உருவாக்கியவர் என்று ஏற்றுக்கொண்டன. அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது! நாம் வீட்டுக்குள் செய்யும் வேலைக்குப் பெயர் கிடைக்க எவ்வளவு நாளாகிறது, பாருங்கள்.

விதைதான் கஷ்டம், துண்டு வைத்து வளர்ப்பது சுலபம். தங்கை வீட்டுத் தளத்தில் நடைபாதையில் இந்தச் செடியை வளர்க்கும் ஒரு பெரியம்மா எனக்குக் காட்டிக் கொடுத்தார். "தலையை வெட்ட மனசு வரணும்மா. அப்பத்தான் ஒண்ணு ரெண்டாகும்" என்றார்.

செய்முறை இதுதான்:

செடியின் நுனியிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி நீளத்துக்கு, காற்றில் தொங்கும் வேர் இரண்டு மூன்றாவது உள்ள இடத்துக்குக் கீழே, சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். தொட்டியில் செங்கல் துண்டும் மரக்கரியும் போட்டு, ஒரு கம்பு ஊன்றி, துண்டை நிமிர்த்திக் கட்டுங்கள். வெறும் மண் கூடாது, வேர் அழுகிவிடும். வேர் பிடிக்கும் வரை லேசான நிழல், பிறகு நல்ல வெயில். தினம் தண்ணீர் தெளிக்கலாம், தேங்கக் கூடாது. உரத்தை நிறையத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சமாக ஊற்றினால் போதும். அடியில் நின்ற தண்டும் வீணாகாது, பக்கத்தில் துளிர் விடும். செடி கம்பைத் தாண்டி உயர்ந்த பிறகுதான் தாராளமாகப் பூக்கும். அதுவரை பொறுமை வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: ஆசைப்பட்டு அங்கிருந்து துண்டைப் பெட்டியில் மறைத்து எடுத்து வராதீர்கள். செடி கொண்டுவர அனுமதியும் நோயில்லை என்ற சான்றிதழும் வேண்டும். நம் ஊர் நர்சரிகளிலேயே வாண்டா வகைகள் கிடைக்கின்றன. வெப்பமும் ஈரக்காற்றும் இதற்குப் பிடிக்கும் என்பதால், கடலோர ஊர்களில் வெயில் படும் மாடி உள்ளவர்கள் தாராளமாக முயன்று பார்க்கலாம்.

பூத்தால், ஒரு துண்டை வெட்டிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். கொடுக்கும்போது ஆக்னஸின் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.