ஈஸி மோடில் ஒரு சாமுராய்

'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வை நான் ஈஸி மோடில்தான் ஆடி முடித்தேன். இதைச் சொன்னால் அந்த விளையாட்டின் ரசிகர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர்களுக்கென்று 'லீத்தல்' என்றொரு நிலை இருக்கிறது. எதிரியின் வெட்டு ஒன்றிரண்டு விழுந்தால் நம் கதை முடிந்தது. நம் வெட்டு விழுந்தால் அவன் கதையும் அப்படியே. அதில் ஆடி முடித்தவர்கள் பேச்சே தனி. என் அண்ணன் மகன் அந்த ரகம். பிளேஸ்டேஷன் 4 அவனுடையது. கல்லூரி விடுதிக்குப் போகும்போது எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். லீவுக்கு வந்தவன், நான் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்: "சித்தப்பா, நீங்க மங்கோலியனை அடிக்க வந்தீங்களா, புல்லு பாக்க வந்தீங்களா?"

புல் பார்க்கத்தான். நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன். மதுரையில் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர். நலங்கு, முகூர்த்தம், ரிசப்ஷன் என்று ஆயிரக்கணக்கில் வரும் படங்களைக் கழித்து, நிறம் சரிசெய்து, கரிஸ்மா ஷீட்டுகளாக அடுக்கித் தருவது பிழைப்பு. நாள் முழுக்கப் படங்களோடு மல்லுக்கட்டுகிறவன் ராத்திரியில் இன்னொரு திரை முன்னால் போய் உட்காருவது வீட்டில் யாருக்கும் புரியவில்லை. எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். நாற்பதைத் தாண்டியவன் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு "அடடா" என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

விளையாட்டு வந்தது 2020 ஜூலையில். செய்தவர்கள் ஜப்பானியர்கள் இல்லை. அமெரிக்காவில், சியாட்டிலுக்குப் பக்கத்து பெல்வியூ நகரத்து சக்கர் பஞ்ச் நிறுவனத்தார். கதை நடப்பது 1274-இல், மங்கோலியப் படை கப்பலேறி ஜப்பானுக்கு வந்த வருஷத்தில். கொரியாவுக்கும் கியூஷுவுக்கும் நடுவில் கிடக்கும் சுஷிமா தீவுதான் அவர்கள் முதலில் மிதித்த மண். கொமோடா கடற்கரையில் சோ சுகெகுனி என்ற தலைவர் எண்பது பேர்போலக் கூட்டிக்கொண்டு எதிர்த்து நின்று மடிந்தார் என்பது வரலாறு. விளையாட்டில் அந்த இடத்துக்கு ஷிமுரா பிரபுவும் அவருடைய மருமகன் ஜின் சகாயும் வருகிறார்கள். நாம்தான் ஜின்.

ஆரம்பக் காட்சி ஒன்று போதும், கதை எதைப் பற்றியது என்று சொல்ல. சாமுராய் ஒருவர் தனியாகக் குதிரையில் முன்னால் போய், தன் பேரையும் குலத்தையும் சொல்லி, தைரியமான ஆள் வரட்டும் என்று முறைப்படி அழைக்கிறார். மங்கோலியத் தலைவன் கோதுன் கான் கையிலிருந்த கோப்பையை அவர் மேல் வீசிக் கொட்டி, தீ வைத்து, தலையைச் சீவிவிடுகிறான். முறை தெரிந்தவனுக்கு முறையில்லாதவனிடம் என்ன வேலை என்பதுதான் அதற்கப்புறம் மொத்தக் கதையும். ஜின் ஒளிந்திருந்து முதுகில் குத்தக் கற்றுக்கொள்கிறான். மாமாவுக்கு அது அவமானம். நல்ல கதைதான். ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது அது இல்லை.

காற்றுதான். இந்த மாதிரி திறந்த உலக விளையாட்டுகளில் திரை மூலையில் குட்டி வரைபடம் ஒன்று இருக்கும். ஆடுகிறவன் ஊரைப் பார்க்கமாட்டான், அந்த வட்டத்தைப் பார்த்தே ஓடிக்கொண்டிருப்பான். இதில் அது கிடையாது. பெரிய வரைபடத்தில் இடத்தைக் குறித்துவிட்டு, கன்ட்ரோலரின் டச்பேடை மேல்நோக்கித் தடவினால் காற்று கிளம்பும். கதிர் சாயும், இலை பறக்கும், ஜின்னின் மேலங்கி படபடக்கும், எல்லாம் போக வேண்டிய திசையில். சண்டை இல்லாத நேரத்தில் உயிர் அளவுகூடத் திரையில் தெரியாது. வெறும் படம் மட்டும்தான். வழி தெரிய வேண்டுமென்றால் அந்தப் படத்தைப் பார்த்தே ஆகவேண்டும். இது எவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாடு என்பது, வேறொரு விளையாட்டுக்குப் போய் மறுபடி அந்த மூலை வட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆடினவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: எங்கே நிறுத்தினாலும் வால்பேப்பர். சரி, ஏன்? அண்ணன் மகன் கிராபிக்ஸ் என்றான். பிளேஸ்டேஷன் 4 வெளிவந்தது 2013-இல். ஏழு வருஷப் பழைய பெட்டி. அதைவிடச் சக்தி வாய்ந்த கம்ப்யூட்டர்களில் ஓடுகிற, அதைவிடத் துல்லியமான விளையாட்டுகள் அப்போதே இருந்தன. அவற்றில் சிலதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் எனக்குக் கண் வலிக்கும். ஒவ்வொரு சுவரிலும் ஒவ்வொரு போஸ்டர், ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு பச்சை.

ஒரு நாள் விளையாட்டில் வரும் தங்கக் கோயிலைச் சுற்றியுள்ள கிங்கோ காட்டில் குதிரையை நிறுத்திவிட்டு, தொழில் கண்ணோடு உட்கார்ந்து பார்த்தேன். மரம் ஒரே ஜாதி. இலை ஒரே மஞ்சள். தரையிலும் அதே மஞ்சள். அதற்குள் கரிய தண்டுகள், அவ்வளவுதான். நடுவில் ஒரு பச்சைச் செடி, ஒரு நீலப் பூ? கிடையாது. அடுத்த வெளிக்குப் போனால் முழுக்க வெள்ளைக் கதிர், நம் ஆற்றோர நாணல் மாதிரியே. இன்னொரு இடத்தில் தரை முழுக்கச் சிவப்பு ஹிகன்பானா. ஜப்பானில் இலையுதிர் காலத் தொடக்கத்தில், கல்லறைப் பக்கமெல்லாம் பூக்கிற பூ அது. ஒரு வெளிக்கு ஒரு நிறம். ஒரு காட்சிக்கு இரண்டு நிறம், மிஞ்சினால் மூன்று. மிச்சமெல்லாவற்றையும் யாரோ உட்கார்ந்து பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள்.

நிஜ சுஷிமா அப்படி இல்லை. அது பெரும்பாலும் மலையும் அடர்ந்த காடும், துண்டு துண்டாக உடைந்த கடற்கரையும். இப்படிப் பரந்த சமவெளிகளோ, ஒரே தீவில் தெற்கே இலையுதிர் காலமும் வடக்கே பனிக்காலமுமோ அங்கே கிடையாது. செய்தவர்கள் தீவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதைச் செய்திருக்கிறார்கள். பார்த்ததை அப்படியே வைக்காமல், எதை எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவுக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது என் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். ஆல்பத்தில் காலியிடம் கண்டால் கை தானாக ஒரு ரோஜாவை, ஒரு இதயத்தை, மங்கலாக ஒரு தாலிப் படத்தைத் தேடும்.

அப்புறம் போட்டோ மோடு. கன்ட்ரோலரின் டி-பேடில் வலது பொத்தானை அழுத்தினால் ஆட்கள் உறைந்துவிடுவார்கள். மேகமும் புல்லும் துணியும் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். நேரத்தை மாற்றலாம், மழை கொண்டுவரலாம், காற்றின் திசையைத் திருப்பலாம், இலைக்குப் பதில் மின்மினி பறக்கவிடலாம், ஜின்னின் முகத்தில் கோபத்தையோ சோகத்தையோ வைக்கலாம். மண்டபத்தில் ட்யூப் லைட்டோடு போராடுகிற எங்கள் போட்டோகிராபர்கள் இதைப் பார்த்தால் அழுதுவிடுவார்கள். நானும் முதலில் மின்மினி, பனிமூட்டம், பொன்வெயில் எல்லாவற்றையும் ஒரே படத்தில் கொட்டித்தான் எடுத்தேன். பார்த்தால் நான் டிசைன் செய்த ரிசப்ஷன் ஷீட் மாதிரியே இருந்தது. சூரியனைக் கொஞ்சம் இறக்கி, மற்ற எதையும் தொடாமல் விட்டபோதுதான் படம் மூச்சு விட்டது.

இதே காரணத்தால்தான் 'குரோசவா மோடு' எனக்கு ஒட்டவில்லை. இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் நிறைய. அகிரா குரோசவாவின் பேரை அவர் குடும்பத்தாரின் சம்மதத்தோடு வைத்து, மொத்த விளையாட்டையும் கறுப்பு வெள்ளையில், பழைய படச்சுருளின் புள்ளிகளோடு ஆடலாம் என்கிறார்கள். சத்தம்கூடப் பழைய சினிமா சத்தமாகிவிடுகிறது. மரியாதை செய்கிறார்கள், சரி. ஆனால் நிறத்தை வைத்தே யோசித்துக் கட்டிய உலகத்திலிருந்து நிறத்தை எடுத்தால் கிங்கோ காடும் நாணல் வெளியும் ஏறக்குறைய ஒன்றுபோலாகிவிடுகின்றன. தடுக்க முடியாத அடி வரும்போது எதிரியிடம் மின்னுகிற சிவப்பும் அடையாளம் இழக்கிறது. ஈஸி மோடு சாமுராய்க்கு அது பெரிய கஷ்டம். குரோசவாவை இந்த விளையாட்டில் தேடுகிறவர்கள் 1954-இன் 'ஏழு சாமுராய்'களைவிட, 1985-இல் அவர் வண்ணத்தில் எடுத்த 'ரான்' படத்தைப் பார்க்கலாம். மூன்று மகன்களின் படைக்கும் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ஆளுக்கொரு நிறம். புல்வெளியில் அவை அசைவதைப் பார்த்தால் சக்கர் பஞ்சின் நிஜமான குரு எந்தக் குரோசவா என்று தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. படத்தில் இவ்வளவு கழிக்கத் தெரிந்தவர்களுக்கு வேலைகளைக் கழிக்கத் தெரியவில்லை. நரி ஒன்று ஓடிவந்து, நின்று, திரும்பிப் பார்த்து, நம்மை இனாரி தெய்வத்தின் சின்னக் கோயிலுக்குக் கூட்டிப்போகும். முதல் தடவை மனசு உருகிவிடும். அப்படி 49 கோயில்கள். பாதி தாண்டுவதற்குள் நரியைக் கண்டாலே, "வந்துட்டியா?" என்று கேட்கத் தோன்றும். மங்கோலிய முகாமை மீட்பது, காலடித் தடம் பார்த்துப் பின்தொடர்வது, திரும்ப முகாம். சண்டையில் எதிரி மேல் பார்வையைக் கட்டி நிறுத்தும் வசதிகூட ஆரம்பத்தில் இல்லை. 2021-இல் வந்த விரிவான பதிப்போடுதான் தந்தார்கள். பத்தொன்பது இடங்களில் உட்கார்ந்து ஹைக்கூ எழுதலாம்: சுற்றிலும் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் தருகிற சிலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1274-இல் ஹைக்கூ என்ற வடிவமே பிறக்கவில்லை. அதை மன்னித்துவிடலாம், வரிகள்தான் சுமார்.

ஆனால் யூரிகோ கதை ஒன்று இருக்கிறது. ஜின்னை வளர்த்த கிழவி. அவளோடு சேர்ந்து மெதுவாகக் குதிரையில் போய் விஷம் தயாரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். போகப் போக அவளுக்கு நினைவு தப்புகிறது. ஜின்னை அவன் செத்துப்போன அப்பா என்று நினைத்துப் பேச ஆரம்பிக்கிறாள். அவன் முதலில் திருத்துகிறான். அப்புறம் திருத்துவதை விட்டுவிடுகிறான். பெரிய சண்டை ஒன்றும் இல்லாத அந்தப் பகுதிதான் எனக்கு மொத்த விளையாட்டிலும் உசத்தி. லீத்தல் வீரனிடம் சொன்னேன். "அதுவா சித்தப்பா, நான் ஸ்கிப் பண்ணி போயிட்டேன்" என்றான்.

ஜப்பானில் இதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பது தனி ஆச்சரியம். வெளிநாட்டுக்காரன் நம் சாமுராயைப் பற்றி என்ன சொல்வது என்று முகம் சுளிப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருப்பேன். அங்கத்திய 'ஃபமிட்சு' இதழ் 40-க்கு 40 மதிப்பெண் போட்டது. 2021-இல் சுஷிமா நகராட்சி, விளையாட்டின் இயக்குநர்கள் நேட் ஃபாக்ஸ், ஜேசன் கானல் இருவரையும் தீவின் சுற்றுலாத் தூதர்களாக அறிவித்தது. அதற்குச் சில மாதம் முன்னால், 2020 செப்டம்பர் சூறாவளியில் அங்குள்ள வதட்சுமி கோயிலின் தோரி வாயில் ஒன்று இடிந்து விழுந்திருந்தது. அதைத் திரும்பக் கட்ட 50 லட்சம் யென் வேண்டும் என்று நன்கொடை கேட்டார்கள். 2 கோடியே 70 லட்சம் யென்னுக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களில் நிறையப் பேர் அந்தத் தீவில் கால் வைக்காதவர்கள். ஜின்னின் குதிரையில் மட்டும் சுற்றி வந்தவர்கள். சண்டைக்காக ஆடினவன் கோயில் வாயிலுக்குப் பணம் அனுப்பமாட்டான் என்பது என் கட்சி. அண்ணன் மகன் ஒப்புக்கொள்ளவில்லை.

நான் ஆடி முடித்த வருஷக் கல்யாண சீசனில் என் ஷீட்டுகள் மாறத் தொடங்கின. ரோஜா பேக்ரவுண்டு போயிற்று. பட்டுப்புடவையின் அரக்கு நிறத்தை மட்டும் எடுத்து அந்த ஷீட் முழுவதற்கும் அடிநிறமாக்கினேன். பதினோரு படம் திணிக்கும் இடத்தில் மூன்று. தாலி கட்டும் படத்துக்கு முழு ஷீட், இடது பக்கம் காலி. இளசுகளுக்குப் பிடித்திருந்தது. பணம் கொடுக்கிறவர்கள் இளசுகள் இல்லையே.

பெண்ணின் அப்பா ஒருவர் ப்ரூஃப் பார்க்க வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு ஷீட்டாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் தாலி ஷீட்டில் நின்றார்.

"தம்பி, இதுல பாதி சும்மா கெடக்கே, படம் பத்தலையா?"

"இல்லைங்கய்யா, வேணும்னுதான் விட்டிருக்கேன். அப்பத்தான் கண்ணு நேரா தாலிக்குப் போகும்."

"அது சரி. சின்ன மச்சான் படம் எங்கயுமே வரலை. மாலை வாங்குனதுல இருந்து பந்தி வரைக்கும் அவருதான் ஓடியாடிப் பாத்தாரு. இந்த எடத்துல அவரைப் போட்டுருங்க. நாளைக்கு எம் பொஞ்சாதிக்கு யாரு பதில் சொல்றது?"

கிங்கோ காட்டையும் ஹிகன்பானாவையும் அவரிடம் என்னவென்று சொல்ல? பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் தலையைத் தூக்கி, "அப்பா, அந்தப் பக்கத்தை விடுங்க, நல்லாருக்கு" என்றாள். அவர் அரை மனசாக என்னைப் பார்த்தார். கடைசியில் சின்ன மச்சானைப் பந்தி ஷீட்டில், சாம்பார் வாளிக்கும் மணப்பெண்ணின் தோழிகளுக்கும் நடுவில், கொஞ்சம் பெரிதாகவே வைத்துக் கொடுத்தேன். பில்லில் ஒரு ஷீட்டுக்கான காசைக் குறைத்துக்கொண்டார், பாதி காலிதானே என்று.