இரண்டாம் தையல்

ஓசூர் பாகலூர் ரோட்டில், மாடியில் இருக்கும் அந்த மருத்துவமனைக்கு வியாழக்கிழமை மாலைகளில் பெங்களூரிலிருந்து பிளாஸ்டிக் சர்ஜன் வருவார். அத்திப்பள்ளியில் டிராஃபிக் என்றால் ஏழு மணி ஆகும். இல்லையென்றாலும் ஏழு மணிதான். டோக்கன் மட்டும் ஐந்தரைக்கே. ரிசப்ஷனில் இருக்கும் பெண், படியேறி வருகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மொழியைத் தீர்மானித்துவிடுகிறாள். தலைப்பாகைப் பெரியவருக்கு "கூர்ச்சோண்டி", ஆனேக்கல் பக்கத்து அம்மாளுக்கு "கூத்கொள்ளி", மற்றவர்களுக்கு "உக்காருங்க". ஒருவருக்கும் மாற்றிச் சொல்லி நான் பார்க்கவில்லை.

ஓரத்து பெஞ்சில் அக்காள், தங்கை இருவர். அக்காளின் வயதுதான் பிடிபடவில்லை. கன்னத்து மேட்டைப் பார்த்தால் ஐம்பது. தாடை ஓரத்தில் இரண்டு பக்கமும் சதை இறங்கியிருக்கிறது. கழுத்தில் இரண்டு பட்டைகள் தோலைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. அங்கே அறுபது. புறங்கை எதையும் ஒளிக்காமல் அறுபத்துமூன்று, நான்கு என்கிறது. முடியைக் காதுக்கு மேல் இறக்கி வாரியிருக்கிறார். ஃபேன் காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு கை தானாகப் போய் அந்த முடியைப் பிடித்துக்கொள்கிறது.

செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தபோது முடி விலகியது. காது மடலின் நுனிக்கும் கன்னத்துக்கும் நடுவே எல்லோருக்கும் இருக்கும் சின்னப் பள்ளம் அவருக்கு இல்லை. மடல் கீழே இழுபட்டுக் கன்னத்தோடு நேராக ஒட்டியிருந்தது. தோட்டு ஓட்டையும் சாய்ந்துவிட்டதால் ஒற்றைக் கல் தோடு முன்னால் பார்க்காமல் தோளைப் பார்த்தது. ஜிமிக்கி தாங்காத காது.

"நாலு மணிக்கே மண்டபத்துக்குப் போயிடணும்மா. பொண்ணுக்கு மொதல்ல ஹேர், அப்புறந்தான் பேஸ். அவங்க அத்தைக்கு தனி சார்ஜ், முன்னாடியே சொல்லிடு."

பியூட்டி பார்லர்க்காரர். ஒரு மணி நேரத்தில் அப்படி மூன்று அழைப்புகள்.

தங்கை மடியில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைல். பதிமூன்று வருடத்துக்கு முன் பெங்களூரில் செய்த ஃபேஸ்லிஃப்டின் காகிதங்கள். காகிதங்கள் என்பது மரியாதைக்கு. இருந்தது ஒரே ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி, மங்கிப்போன ஒரு மருந்து பில், இரண்டு போட்டோ. தங்கை சம்மரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, ஆபரேஷன் பண்ணோம், நல்லாருக்காங்க, அனுப்பிட்டோம்னு ரெண்டு வரி. உள்ள என்ன பண்ணாங்கன்னு ஒண்ணுமே இல்லியே."

"அந்த ஆஸ்பத்திரியே இப்ப இல்ல. டாக்டரம்மாவும் வெளிநாடு போய்ட்டாங்களாம்."

"புதுத் துணிய வெட்டறது ஈஸிக்கா. தைச்ச ரவிக்கையப் பிரிச்சு ஆல்டர் பண்றதுதான் தலவலி. உள்ள எவ்ளோ துணி விட்ருக்கான்னு தெரியாது." தங்கை தையல்காரி என்பது அப்போது தெரிந்தது. அறுவை மருத்துவர்கள் இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக அல்ல.

ஃபேஸ்லிஃப்டின் ஆரம்பம் 1901, பெர்லின், ஹாலண்டர் என்ற மருத்துவர் என்பார்கள். காதோரத்தில் கொஞ்சம் தோலை வெட்டி, இழுத்துத் தைத்தது. வெகுகாலம் வித்தை அவ்வளவுதான். ஆனால் முகத்தின் பாரத்தைத் தோல் எத்தனை வருடம் தாங்கும்? நெகிழும், தழும்பு அகலும், இழுவை காது மடலில் விழுந்து அதைக் கீழே கொண்டுவரும். 1976-ல் மிட்ஸ், பெய்ரோனி என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர், தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில் முகத் தசைகளோடு பிணைந்து கிடக்கும் ஒரு படலத்தை விவரித்தார்கள். டாக்டர்கள் 'ஸ்மாஸ்' என்பது அதைத்தான். அதைத் தூக்கிக் கட்டினால் பாரம் தோலில் விழாது. ஆனால் சிரிக்கவும் கண்ணை மூடவும் வைக்கும் முகநரம்பின் கிளைகள் கன்னத்தில் அதற்கு அடியில்தான் ஓடுகின்றன.

ஆக, இரண்டாவது தடவை கத்தி எடுப்பவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: முன்னவர் தோலோடு நின்றாரா, படலத்தை மடித்துத் தைத்தாரா, அதில் ஒரு துண்டை வெட்டியே எடுத்துவிட்டாரா? அடுக்குகள் தழும்பில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். நரம்புக்கு மேலே எவ்வளவு கனம் மிச்சம் என்பது திறந்தால்தான் தெரியும். வெட்டி எடுக்க உபரித் தோலும் முதல் தடவை அளவுக்கு இருக்காது. ஒரு ஆறுதல், ஏற்கெனவே ஒருமுறை பிரித்துத் தைத்த தோலில் ரத்த ஓட்டம் தேறியிருக்கும். ஓரம் கறுத்துப்போகும் பயம் சற்றுக் குறைவு.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் இருந்திருக்க வேண்டிய ஆபரேஷன் குறிப்பு எங்கே? உள்நோயாளி ஆவணத்தை மருத்துவர் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. தைத்த முகம் பத்து வருடம் தாங்கும் என்று சொல்லித்தான் செய்கிறார்கள். காகிதத்துக்கு மூன்று போதும் என்று முடிவு செய்தவர்கள் முகத்தைப் பற்றி யோசிக்கவில்லை. வீடு திரும்பும் அன்றே கேட்டு வாங்கி வைத்தால்தான் உண்டு. கட்டுப் போட்ட முகத்தோடு ஆட்டோ ஏறுகிற யாருக்கு அது தோன்றும்?

எதிர் பெஞ்சில் ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன், இருபத்திரண்டு இருக்கும், அம்மாவோடு. வலது கை ஆட்காட்டி விரல் மற்ற விரல்களைவிட இரண்டு மடங்கு பருமன். பவர் பிரஸ் இறங்கும்போது கை உள்ளே இருந்திருக்கிறது. சிப்காட்டைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன பிரஸ் ஷாப்புகளை அறிந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தோலுரிந்த விரலை இடுப்புக்குக் கீழே தொடை மடிப்பில் தைத்து, மூன்று வாரம் கையை அங்கேயே வைத்திருந்து, அந்தத் தோல் விரலில் பிடித்த பிறகு வெட்டிப் பிரித்திருக்கிறார்கள். பிரிட்டனில் மெக்ரெகரும் ஜாக்சனும் 1972-ல் விவரித்த முறை. தோலோடு அந்த இடத்துக் கொழுப்பும் வரும், முடியும் வரும். பையன் சாப்பிட்டுக் கொஞ்சம் பூசினால் விரலும் பூசும். அதை இளைக்க வைக்கத்தான் இன்று வந்திருக்கிறான். அவனுடையதும் இரண்டாம் தடவைதான்.

அக்காள் அந்த விரலை எந்தக் கூச்சமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராவது அப்படிப் பார்த்திருந்தால் பையன் கையைப் பாக்கெட்டில் விட்டிருப்பான்.

"தம்பி, அந்த முடிய ஷேவ் பண்றியா?"

"ஆமாம்மா. அசிங்கமா இருக்குது."

"ரேசர் வெக்காத. உணர்ச்சி இருக்காதில்ல, கீறினாலும் தெரியாது. எங்க கடைக்கு வா, நூல்ல எடுத்து விடறேன். காசு வேணாம்."

பையனின் அம்மா சிரித்தாள். பையன் விரலைத் திருப்பி, புதிதாகப் பார்ப்பவனாட்டம் பார்த்தான்.

இந்த இருவரையும் ஒரே டாக்டர், ஒரே ஊசியால்தான் தைக்கப்போகிறார். பில் மட்டும் வேறு. அடிபட்டதையும் பிறவிக் குறையையும் சீர்செய்தால் 2017-லிருந்தே ஜிஎஸ்டி விலக்கு. அழகுக்குச் செய்தால் வரி. அரசாங்கத்தின் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் கல்யாணப் பெண்ணைக் கூட்டிவரும் அம்மாக்கள், மேக்கப் செய்யப்போகிறவரின் முகத்தை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸைப் பற்றிப் பேசுவார்கள். அந்த முகம் அழகுக் கணக்கில் சேருமா, தொழில் கணக்கில் சேருமா என்று எந்த அறிவிக்கையிலும் இல்லை.

ஏழே காலுக்கு டாக்டர் வந்தார். அக்காள் உள்ளே போய் வெகு நேரம் ஆனது. தங்கை முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியைத் தின்றுவிட்டு, மீதியை அக்காளுக்கென்று மடித்து வைத்தாள். வெளியே வந்தவர் உட்காரவில்லை.

"என்னக்கா சொன்னாரு?"

"சிரி, புருவத்தத் தூக்கு, கன்னத்த உப்புன்னாரு. அப்புறம் தழும்ப அமுக்கி அமுக்கிப் பாத்தாரு. முடிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தாரு. அந்தக் காலத்துல தோல மட்டுந்தான் இழுத்துருப்பாங்க போலன்றாரு. நிச்சயமா சொல்ல முடியாதாம், உள்ள போனாத்தான் தெரியுமாம்."

"போலாமா, வேணாமா?"

"போலாம், ஆனா அவசரம் வேணாமாம். பிபி மொதல்ல அடங்கணும், இல்லாட்டி உள்ள ரத்தம் கட்டுமாம். கழுத்தும் தாடையும் கொஞ்சம் தூக்கலாம், அந்தப் போட்டோல இருக்கற மூஞ்சி வராதுன்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டாரு." போட்டோவை வாங்கி ஃபைலுக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தார். "காத மட்டும் இப்பவே சரி பண்ணலாமாம். மரத்துப்போற ஊசி போட்டு, அன்னிக்கே வீட்டுக்கு."

"அதையாவது பண்ணிக்கோ. அம்மாவோட ஜிமிக்கி பீரோலயே கெடக்குது."

அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறதா என்று தேடினேன். அந்தக் கன்னத்தில் எதையும் படிப்பது கஷ்டம். கை மட்டும் முடியை ஒதுக்கி, மடலை இரண்டு விரலால் பிடித்து மேலே தூக்கி, அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தது. பிறகு ரிசப்ஷனுக்குப் போனார்.

"டேட் போடட்டுங்களா மேடம்?"

"ஆடி போகட்டும்மா. ஆவணில முகூர்த்தம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் பாத்துச் சொல்லு."

தங்கை பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, ஆடிலயே வந்தா தள்ளுபடி ஏதாவது உண்டா?"

ரிசப்ஷன் பெண் ரெஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "கன்சல்ட்டிங்குக்குக் கிடையாதுக்கா. தியேட்டர் சார்ஜ் வேணும்னா மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன்."